கம்பளையும் மகாவலியும்: உள்ளூராட்சித் தேர்தல்களிற் சுற்றாடல் – ஒரு வரலாற்று நோக்கு

ஆட்சி நிறுவனங்கள் பலவற்றுள்ளும் மக்களின் வீட்டு வாசலுக்கு மிக அண்மையில் நிற்பது உள்ளூராட்சியாகும். பாராளுமன்றம் போரையும் வரியையும் பற்றிப் பேசும்; உள்ளூராட்சி மன்றமோ கழிகானையும் குடிநீரையும் குப்பையையும் சந்தையையும் இடுகாட்டையும் பற்றிப் பேச வேண்டியது. இன்று 'சுற்றாடல்' என்னும் ஒரு சொல்லால் வழங்கப்படும் விடயங்களுட் பெரும்பாலானவை இம்மன்றங்களின் பழைய கடமைகளேயாம். அங்ஙனமாயின், உள்ளூராட்சித் தேர்தல் வரும்போது சுற்றாடலே முதன்மையான தேர்தற் பிரச்சினையாக விளங்க வேண்டும். இலங்கையின் அனுபவம் இதற்கு மாறாக உள்ளது. இம்முரண்பாட்டின் வேர்களை, மகாவலிக் கரையில் அமைந்த கம்பளை நகரையும் அதனைச் சூழ்ந்த மலைப் பிரதேசத்தையும் களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறும் நகரமும்

நான்காம் புவனேகபாகு மன்னன் 1341ஆம் ஆண்டளவில் தன் இராசதானியைக் கம்பளைக்கு மாற்றினான். சிங்கள இலக்கியங்கள் 'கங்கசிறிபுர' என இந்நகரைச் சுட்டும். கங்கையின் பெயரையே தன் பெயரின் முற்பகுதியாகக் கொண்ட நகரம் இது என்பது ஈண்டு நோக்கற்பாலது. நகரை அண்டிய கடலாதெனிய, லங்காதிலக ஆகிய விகாரைகள் 1344ஆம் ஆண்டளவில் எழுந்தவை. கடலாதெனிய விகாரை தென்னிந்தியச் சிற்ப மரபைத் தழுவியது. லங்காதிலகக் கற்பாறையிற் சிங்களத்திலும் தமிழிலும் சாசனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. விகாரைக்கு நிலம் வழங்கியமையை இரு மொழிகளிலும் எழுதிவைத்த அக்காலம், நிலமும் நீரும் யாருக்குரியன, அவற்றைப் பேணும் பொறுப்பு யாருடையது என்பதைப் பொதுவிடத்தில் அறிவிக்கும் வழக்கத்தைக் கொண்டிருந்தது எனலாம்.

கண்டியர் காலத்துக் கிராமங்களில் வயலுக்கு நீர் பாய்ச்சும் முறை, வேலி அடைத்தல், கால்நடை மேய்ச்சல் முதலியவற்றைக் கிராமத்தவர் கூடித் தீர்மானிக்கும் 'கம்சபா' என்னும் அமைப்பு வழங்கி வந்தது. 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டதும் கட்டாய உழைப்பினின்றும் மக்கள் விடுபட்டனர். அதே வேளையில் குளத்தையும் வாய்க்காலையும் கூட்டாகப் பேணிய பழைய கட்டுப்பாடும் தளர்ந்தது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் மூலம் நீர்ப்பாசன வழக்கங்களுக்கு மீண்டும் சட்ட வலு அளிக்கப்பட்டது. 1871ஆம் ஆண்டு 26ஆம் இலக்கக் கிராம சமுதாயக் கட்டளைச் சட்டம் கிராமக் குழுக்களுக்கு விதிகள் இயற்றும் உரிமையை வழங்கியது. இலங்கையின் கிராமிய உள்ளூராட்சி, நீரையும் நிலத்தையும் பேணும் தேவையிலிருந்தே மறுபிறப்பெடுத்தது என்பது இவற்றாற் பெறப்படும்.

கோப்பி வெட்டிய காடு

கிராமத்திற்கு இவ்வாறு சட்டம் எழுதப்பட்ட அதே காலத்தில், மலையின் முகம் வேறொரு சட்டத்தால் மாறிக்கொண்டிருந்தது. 1820களின் முற்பகுதியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளையை அடுத்த சிங்ஹபிட்டியவில் கோப்பித் தோட்டமொன்றை அமைத்தார். வணிக நோக்குடன் மலைநாட்டில் ஆரம்பிக்கப்பட்ட முதலாவது கோப்பித் தோட்டமாக இது கருதப்படுகிறது. தேசாதிபதி எட்வேர்ட் பார்ண்ஸ் இம்முயற்சிக்கு ஊக்கமளித்ததோடு கண்ணொறுவையில் தாமும் கோப்பி பயிரிட்டார். 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், உரிமைச் சான்று காட்ட இயலாத காட்டு நிலங்களை அரசுடைமையாகக் கொள்ள வழிசெய்தது. அவை தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. 1870களின் பிற்பகுதியில் கோப்பிச் செய்கை ஏறத்தாழ 275,000 ஏக்கர் நிலத்திற் பரவியிருந்தது. இருப்புப்பாதை 1867இல் கண்டியை அடைந்து, 1874இல் கம்பளையைக் கடந்து நாவலப்பிட்டி வரை நீண்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பே இம்மாற்றம் அனைத்திற்கும் அடிநிலையாயிற்று.

காடழிவின் தீங்கை அறிந்தவர் அக்காலத்தில் இல்லாமலில்லை. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் உயர்ந்த மலைக்காடுகளின் அழிவு குறித்துக் கவலை கொண்டிருந்தார். இங்கிலாந்தின் கியூ பூங்காவைச் சேர்ந்த ஜோசப் ஹூக்கர் 1873இல் குடியேற்ற நாட்டுச் செயலகத்திற்கு இவ்விடயத்தை எடுத்துரைத்தார். இதன் பயனாக, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்பது தடைசெய்யப்பட்டது. 1885இல் காட்டுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. கம்பளையைச் சூழ்ந்த மலைகளுட் பெரும்பாலானவை அவ்வெல்லைக்குக் கீழே இருந்தமையால் இப்பாதுகாப்பு அவற்றுக்குக் கிட்டவில்லை. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் அந்நிலங்களிலே தேயிலை வந்தது.

இப்பாதுகாப்பு முடிவுகளை எடுத்தவர் யாவர் என்பது வினாவப்படவேண்டியது. கொழும்பிலும் இலண்டனிலும் இருந்த உத்தியோகத்தரும் விஞ்ஞானிகளுமே அவற்றை எடுத்தனர். மலையடிவாரத்துக் கிராமவாசியிடமோ, தோட்டத்து லயனில் வாழ்ந்த தொழிலாளியிடமோ எவரும் கருத்துக் கேட்கவில்லை. காடும் மண்ணும் மத்திய அரசின் விடயங்கள், கழிகானும் குப்பையும் உள்ளூர் மன்றத்தின் விடயங்கள் என்னும் பிரிவினை இக்காலத்திலேயே வேரூன்றியது.

நகரச் சுகாதாரமும் வரிகொடுப்போர் ஆட்சியும்

ஐரோப்பாவில் நகராட்சி வளர்ந்தமைக்கு வாந்திபேதி நோயும் ஒரு காரணமாகும். பிரித்தானியாவின் 1848ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் அந்நோயின் அச்சத்தினிடையே பிறந்தது. பேர்மிங்ஹாம் நகரில் 1873 முதல் 1876 வரை நகர முதல்வராயிருந்த ஜோசப் சேம்பர்லின், தனியார் வசமிருந்த எரிவாயுவையும் குடிநீரையும் நகராட்சியின் உடைமையாக்கினார். குழாய்நீர் அங்கு தேர்தல் மேடையின் பொருளாயிற்று.

இலங்கையிலும் உள்ளூர் மன்றங்கள் சுகாதாரத்தின் பெயராலேயே தோன்றின. 1865ஆம் ஆண்டு 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ்க் கொழும்பும் கண்டியும் மாநகர சபைகளைப் பெற்றன. சிறிய நகரங்களுக்கென 1876ஆம் ஆண்டு 7ஆம் இலக்கச் சட்டம் ஏற்படுத்திய அமைப்பின் பெயரே 'சுகாதார, அபிவிருத்தி உள்ளூர்ச் சபை' என்பதாகும். 1892இல் சிறு பட்டினங்களுக்கான சுகாதாரச் சட்டம் வந்தது. 1920ஆம் ஆண்டு 11ஆம் இலக்க உள்ளூராட்சிக் கட்டளைச் சட்டமும், 1939ஆம் ஆண்டு 61ஆம் இலக்க நகர சபைகள் கட்டளைச் சட்டமும், 1946ஆம் ஆண்டு 3ஆம் இலக்கப் பட்டின சபைகள் கட்டளைச் சட்டமும் இவ்வரிசையில் தொடர்ந்தன. கம்பளையின் நகர நிர்வாகம் இன்று நகர சபையின் கையில் உள்ளது.

தொடக்ககாலத் தேர்தல்களில் வாக்குரிமை சொத்துள்ளவர்க்கும் வரிகொடுப்போர்க்கும் உரியதாயிருந்தது. ஆகவே மன்றத்தின் கவனம் கடைத்தெருவைச் சுற்றியே சுழன்றமை வியப்பன்று. கடைவீதி கூட்டப்பட்டது, கூட்டிய குப்பை எங்கே செல்கிறது என்பது வினாவப்படவில்லை. நகரத்துத் தூய்மை என்பது அழுக்கை நகர எல்லைக்கு அப்பாற் சேர்ப்பதாகவே பொருள்பட்டது. இம்மனப்பான்மை அக்காலத்தோடு மறைந்துவிட்டதெனக் கூறுவதற்கில்லை.

வாக்கற்ற மலை

1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் சர்வசன வாக்குரிமையை வழங்கியது. அதே ஆண்டில் மண்ணரிப்புப் பற்றிய குழுவொன்றின் அறிக்கையும் வெளியாயிற்று. மலைச்சரிவுகளிற் களை முற்றாக அகற்றப்பட்ட தோட்டங்களிலிருந்து மேல்மண் ஆற்றோடு செல்கிறது என்பது அப்போதே அரசாங்கத்தின் கவனத்திற்கு வந்துவிட்டது. அம்மண்ணின்மீது வாழ்ந்து உழைத்த மக்களின் உள்ளூர் வாக்குரிமையோ எதிர்த்திசையிற் சென்றது.

கிராமக் குழுக்களின் வாக்காளர் யார் என்னும் வினா 1937, 1938ஆம் ஆண்டுகளில் அரசாங்க சபையிற் கடும் விவாதத்திற்குள்ளாயிற்று. இந்தியத் தொழிலாளரை மட்டும் விலக்குவதற்கு எதிர்ப்பு எழவே, தோட்டங்களிற் குடியிருக்கும் தொழிலாளரை விலக்குவதாகச் சட்டம் அமைந்தது. சொற்கள் மாறினும் விளைவு பெரும்பாலும் ஒன்றேயாம். தோட்டம் தன் தேவைகளைத் தானே கவனித்துக்கொள்ளும் தனியுலகம். அதன் பாதையும் நீரும் மலசலகூடமும் துரையின் பொறுப்பு. கிராமத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை என்னும் கருத்தே இதன் பின்னணியில் நின்றது.

சுதந்திரத்தின் பின் நிலைமை மேலும் இறுகியது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. கம்பளைக்கு அயலிலுள்ள நாவலப்பிட்டித் தொகுதியை வென்ற கே. இராஜலிங்கம் அவ்வெழுவருள் ஒருவர். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டு 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பினின்றும் நீக்கின. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே நாடற்றவர் நிலை ஒருவாறு முடிவுக்கு வந்தது. நான்கு தசாப்தங்களுக்கு மேலாக, மகாவலியின் மேற்படுக்கையில் மண்ணோடும் நீரோடும் மிக நெருங்கி வாழ்ந்த மக்கட் கூட்டம் ஒன்று, மண்ணையும் நீரையும் பற்றிய எத்தேர்தலிலும் சொல்லற்று நின்றது.

இதனை மனித உரிமைப் பிரச்சினையாக வரலாற்றாசிரியர் பலர் ஆராய்ந்துள்ளனர். அது சுற்றாடற் பிரச்சினையுமாம் என்பது போதிய கவனம் பெறவில்லை. மலைச்சரிவில் விரிசல் தோன்றுவதையும் ஊற்று வற்றுவதையும் முதலிற் காண்பவர் அங்கு வாழ்பவரே. கண்டவருக்கு வாக்கு இல்லையாயின், கண்டது மன்றத்தின் மேசையை அடைவதில்லை.

1947: வெள்ளமும் தேர்தலும்

மேற்கூறிய பொதுத் தேர்தல் 1947 ஆகஸ்ட் 23ஆம் திகதி ஆரம்பமாயிற்று. அதே ஆகஸ்ட் மாதத்திலேதான் மகாவலி பெருகிக் கம்பளையையும் கண்டி மாவட்டத்தின் பல பகுதிகளையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. அவ்வெள்ளம் இப்பிரதேசத்து மக்களின் நினைவிற் பல தலைமுறை நிலைத்தது. புதிய ஆட்சியொன்றைத் தெரிவுசெய்யும் வேளையில் ஆறு தன் வழக்கை எடுத்துரைத்தது எனக் கூறலாம்.

அவ்வழக்கிற்குக் கிடைத்த மறுமொழி இரு வகைப்பட்டது. முதலாவது, 1951ஆம் ஆண்டு 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம். இரண்டாவது, பல ஆண்டுகளின் பின் துரித மகாவலித் திட்டத்தின்கீழ் எழுந்து 1985இல் நிறைவெய்திய கொத்மலை அணைக்கட்டு. முன்னது திணைக்கள உத்தியோகத்தரின் கையிலும் பின்னது பொறியியலாளரின் கையிலும் இருந்தன. கம்பளைக்கு மேலே மகாவலியுடன் கலக்கும் கொத்மலை ஓயாவை அணை கட்டுப்படுத்தியமையால், நகரின் வெள்ள அச்சம் தணிந்தது என நம்புதற்கு இடமுண்டாயிற்று. ஆற்றங்கரையிற் கட்டடங்கள் எழுவதைத் தடுத்தல், மழைநீர் வடியும் தாழ்நிலங்களைக் காத்தல், சரிவுகளில் வீடமைப்பதை ஒழுங்குசெய்தல் ஆகியன உள்ளூர் மன்றத்தின் அன்றாடப் பணிகள். அணை எழுந்தபின் இவற்றின் அவசரம் குறைந்ததுபோலத் தோன்றியது.

ஏட்டிலுள்ள அதிகாரம்

1972இல் ஸ்டொக்ஹோம் நகரிற் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாட்டின் பின் உலக நாடுகள் சுற்றாடற் சட்டங்களை இயற்றத் தொடங்கின. இலங்கையில் 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் நிறைவேறியது. மறுவருடம் மத்திய சுற்றாடல் அதிகாரசபை தாபிக்கப்பட்டது. 1988ஆம் ஆண்டுத் திருத்தம் சுற்றாடற் பாதுகாப்பு அனுமதிப்பத்திர முறையை ஏற்படுத்தியது. குறைந்த பாதிப்புடைய கைத்தொழில்களுக்கு இவ்வனுமதியை வழங்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

இதே காலத்தில் உள்ளூராட்சியின் அமைப்பும் இருமுறை புரட்டப்பட்டது. 1980ஆம் ஆண்டு 35ஆம் இலக்க அபிவிருத்திச் சபைகள் சட்டம் கிராம சபைகளையும் பட்டின சபைகளையும் ஒழித்தது. 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கியது. அவற்றுக்கான முதற் தேர்தல் 1991இல் நடைபெற்றது. இவ்வகையில், கம்பளை நகரம் நகர சபைக்கும், சூழவுள்ள கிராமங்களும் தோட்டங்களும் உடபலாத்த, கங்க இஹல கோரளை முதலிய பிரதேச சபைகளுக்கும் உரியனவாயின.

சட்டத்தை மட்டும் நோக்கின் இம்மன்றங்கள் வலிமை மிக்கவை. நகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 118 முதல் 120 வரையான பிரிவுகளும், பிரதேச சபைகள் சட்டத்தின் 93 முதல் 95 வரையான பிரிவுகளும் குப்பையை அகற்றுவதை மன்றத்தின் கடமையாக்குகின்றன. சேர்க்கப்பட்ட குப்பை மன்றத்தின் உடைமை எனவும் கூறுகின்றன. நடைமுறையிலோ, கம்பளையின் ஒரு மலைச்சரிவைப் பற்றி ஒரு முடிவெடுக்க எத்தனை வாயில்களைத் தட்டவேண்டும்! மண்சரிவு அபாயத்தைக் கூறுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். ஆற்றுமணல் அகழ அனுமதிப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். குடிநீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையைச் சார்ந்தது. நீர்த்தேக்கம் மகாவலி அதிகாரசபையைச் சார்ந்தது. காடு திணைக்களத்திற்குரியது, தேயிலை மலை கம்பனிக்குரியது. வேட்பாளர் ஒருவர் ஆற்றைக் காப்பதாக வாக்களித்தால், அவ்வாக்கை நிறைவேற்றும் அதிகாரம் அவரிடம் சிறுபகுதியே உண்டு. தெருவிளக்கும் கொங்கிறீற்றுப் பாதையும் அவர் கைக்கெட்டுவன. ஆதலின் அவற்றையே அவர் வாக்களிக்கிறார். இதனை வேட்பாளரின் குறையாக மட்டும் கொள்ளல் பொருந்தாது.

தோட்டங்களின் நிலை இன்னும் விசித்திரமானது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபைகள் தம் நிதியைத் தோட்டங்களுக்குச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. மலையக மக்கள் பிரஜாவுரிமை பெற்றுப் பிரதேச சபைக்கு வாக்களித்தனர். தம்மவர் சிலரை உறுப்பினராகவும் தவிசாளராகவும் தெரிவுசெய்தனர். ஆயினும் அவ்வுறுப்பினர் தம்மைத் தெரிவுசெய்தோரின் லயன் வாசலிலுள்ள கழிகானைச் சபையின் பணத்தாற் செப்பனிட முடியாதிருந்தது. வாக்கு வந்தது, அதன் பயன் வரவில்லை. 2018ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே இத்தடையை நீக்கியது. 1930களில் எழுந்த 'தோட்டம் தனியுலகம்' என்னும் கோட்பாடு எட்டுத் தசாப்தங்கள் சட்டத்தில் உயிர்வாழ்ந்தது என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் லயன்களை மண்சரிவு விழுங்கியபோது, அவ்விடத்தின் அபாயம் முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, அதனைச் செயலாக்கும் பொறுப்புத் தோட்டத்திற்கும் அரசுக்கும் இடையே அந்தரத்தில் நின்றது.

இரு தேர்தல்கள், ஒரு புயல்

2017 ஏப்ரில் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உள்ளூராட்சியின் மிகப் பழைய கடமை தவறியதன் விளைவு இது. கண்டிப் பிரதேசத்தவருக்கு இந்நிகழ்ச்சி அந்நியமானதன்று. கண்டி நகரின் குப்பை நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்ட கொஹாகொட மேடு மகாவலிக் கரையை அண்டியே உள்ளது. அதிலிருந்து கசியும் கழிவுநீர் பற்றிப் பல ஆண்டுகளாக விஞ்ஞானிகள் எச்சரித்து வந்துள்ளனர். ஒரு நகரத்தின் குப்பை கீழேயுள்ளோரின் குடிநீராகும் என்பதனை ஆறு நாள்தோறும் கற்பித்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு, 2018 பெப்ரவரி 10ஆம் திகதி, நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களுக்கான தேர்தல் புதிய கலப்பு முறையில் நடைபெற்றது. அறுபது வீதமான உறுப்பினர் வட்டாரங்களிலிருந்தும் எஞ்சியோர் பட்டியலிலிருந்தும் தெரிவாகினர். இருபத்தைந்து வீதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரு பெரும் பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டமை மலையக மக்களுக்கு வாய்ப்பளித்தது. விகிதாசார முறை நிலவிய காலத்தில் மறைந்துபோன வட்டார உறுப்பினர் மீண்டும் வந்தார். ஒரு குறித்த ஓடைக்கும் ஒரு குறித்த சரிவுக்கும் பொறுப்புக் கூறவல்ல ஒருவர் கிடைப்பதற்கு அமைப்பளவில் வழி திறந்தது. மீதொட்டமுல்லைச் சம்பவம் மக்கள் மனத்திற் பசுமையாயிருந்த அவ்வேளையில், குப்பையே தேர்தலின் முதற்பொருளாகியிருக்கலாம். நிகழ்ந்ததோ வேறு. மத்திய அரசின் செல்வாக்கை அளக்கும் அளவுகோலாகவே கட்சிகள் அத்தேர்தலை நடாத்தின; முடிவுகளும் அவ்வாறே வாசிக்கப்பட்டன. வட்டாரம் மீண்டது, வட்டாரப் பிரச்சினை மீளவில்லை.

அம்மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. அம்மாதம் 9ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்ட தேர்தல் நிதியில்லை என்னும் காரணத்தாற் பிற்போடப்பட்டது. இது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மன்றங்கள் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினரின்றி உத்தியோகத்தராற் பரிபாலிக்கப்பட்டன. கழிகான் அடைத்தால் முறையிடுவதற்கு வட்டாரத்தில் எவருமிலர். ஈற்றில் 2025 மே 6ஆம் திகதி 339 மன்றங்களுக்குத் தேர்தல் நடைபெற்றது.

அத்தேர்தல் நிகழ்ந்த ஏழாம் மாதத்தில், 2025 நவம்பர் இறுதியில், தித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிகக் கூடிய உயிரிழப்பைக் கண்டது கண்டி மாவட்டமாகும். மலைகள் சரிந்தன, மகாவலி கரைபுரண்டு கம்பளை நகருட் புகுந்தது. 1947ஐ முதியோரிடமிருந்து கேட்டறிந்த தலைமுறை அதனை நேரிற் கண்டது. பெய்த மழையின் அளவு எந்த நகர சபையாலும் தடுக்கக்கூடியதன்று. ஆயினும் அதே மழையின்கீழ் எவ்வீடு நிற்கும், எவ்வீடு வீழும் என்பது கட்டட அனுமதியாலும் கழிகானாலும் சரிவின் மரத்தாலும் உரிய நேரத்து எச்சரிக்கையாலும் தீர்மானிக்கப்படுகிறது. அவற்றுட் பல உள்ளூராட்சியின் பாற்பட்டவை.

பிற நாட்டு அனுபவங்கள்

உள்ளூர் வாக்கினாற் சுற்றாடலைக் காத்தல் இயலுமா என ஐயுறுவோர்க்குச் சில எடுத்துக்காட்டுகள் உள. மேற்கு ஜேர்மனியில் அணுமின் நிலையங்களை எதிர்த்த குடிமக்கள் குழுக்கள் 1970களின் பிற்பகுதியில் உள்ளூர்த் தேர்தல்களிற் பட்டியல் நிறுத்தின. அவ்வடித்தளத்தின் மீதே பசுமைக் கட்சி எழுந்து 1983இற் பாராளுமன்றம் புகுந்தது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டி என்னும் கிராமப் பஞ்சாயத்து, பிளாச்சிமடையில் நிலத்தடிநீரை உறிஞ்சிய கொக்கோ கோலா ஆலையின் அனுமதியைப் புதுப்பிக்க 2003இல் மறுத்தது. மறுவருடம் ஆலை மூடப்பட்டது. அங்கு ஆதிவாசி மக்களின் போராட்டம் முன்னே சென்றது. பஞ்சாயத்தின் சட்ட அதிகாரம் அதற்குத் துணைநின்றது. 1992இல் ரியோ மாநாடு வெளியிட்ட 'நிகழ்ச்சிநிரல் 21' உள்ளூர் அதிகாரசபைகளின் பங்கிற்கெனத் தனி அத்தியாயம் ஒன்றையே ஒதுக்கியுள்ளது.

இவ்வெடுத்துக்காட்டுகளில் மூன்று பொதுக் கூறுகளைக் காணலாம். முதலாவது, பாதிக்கப்பட்டவரிடமே வாக்கு இருந்தது. இரண்டாவது, மன்றத்திடம் மறுக்கும் அதிகாரமோ பேசும் மேடையோ இருந்தது. மூன்றாவது, தேர்தலுக்கு வெளியே ஓர் இயக்கம் இருந்தது. கம்பளையின் வரலாற்றில் இம்மூன்றும் ஒருங்கே ஒரு காலத்திற் சேர்ந்ததில்லை. காடு வெட்டப்பட்டபோது வாக்கில்லை. நகரத்திற்கு வாக்கு வந்தபோது மலைக்கு அதிகாரமில்லை. மலைக்கு வாக்கு வந்தபோது அதனைச் செலவாக்கச் சட்டமில்லை. சட்டம் திருந்தியபின் சில ஆண்டுகளில் தேர்தலே இல்லாதொழிந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், உள்ளூராட்சித் தேர்தல்களிற் சுற்றாடல் பின்தள்ளப்பட்டமைக்கு மக்களின் அறியாமையைக் காரணமாகக் காட்டுதல் தவறு என்பது புலனாகும். ஆறு ஒன்றாயிருக்க, அதன் கரைகளும் மலைகளும் வெவ்வேறு சட்டங்களாற் பிரிக்கப்பட்டமையே அடிப்படைக் காரணமாகும். நகர சபையின் எல்லை கடைத்தெருவோடு முடிகிறது. வெள்ளத்தின் எல்லை அங்கு முடிவதில்லை. நாவலப்பிட்டி முதல் பேராதனை வரை ஆற்றோரத்து மன்றங்கள் ஒரு மேசையிற் கூடி நீரேந்து பகுதிக்கெனப் பொதுத் திட்டம் வகுத்தல், மண்சரிவு அபாய வரைபடத்தை ஒவ்வொரு வட்டாரத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் மக்கள் பார்வைக்கு வைத்தல், தோட்டங்களுக்குச் செலவிடும் புதிய உரிமையைச் சபைகள் உண்மையாகவே பயன்படுத்தல் ஆகியவை இன்றுள்ள சட்டத்தின்கீழேயே தொடங்கக்கூடியவை. இவற்றைச் செய்தனரா என வினாவும் உரிமை அடுத்த தேர்தலில் வாக்காளருக்கு உண்டு.

அறுநூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் கங்கையின் பெயரைச் சூடி எழுந்த நகரம் கம்பளை. லங்காதிலகப் பாறையில் நிலத்தின் உரிமையை இரு மொழிகளில் எழுதியோர், அதனை இரு மொழியினரும் படிப்பர் என எதிர்பார்த்தே எழுதினர். இன்று அம்மலைகளில் மும்மதத்தாரும் பல இனத்தாரும் வாழ்கின்றனர். வெள்ளம் வந்தபோது அவர்தம் வாசல்கள் அனைத்தையும் அது ஒருபடித்தாகவே கடந்தது. ஆற்றுக்குத் தெரிந்த இவ்வுண்மை வாக்குச்சீட்டுக்கும் தெரியவேண்டும்.